ஈத் தூண்டில்: இங்கிலாந்தின் சுண்ணப்பாறை ஆறுகளும் நீர்ப்பூச்சிகளும்

ஈத் தூண்டில் என்பது செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் முறை. புழு, சிறுமீன் போன்ற இரைக்குப் பதிலாக இறகு, விலங்கு மயிர், பட்டு நூல் ஆகியவற்றை முள்ளில் சுற்றிப் பூச்சியின் உருவம் செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் இது ஃபிளை ஃபிஷிங் என்று அழைக்கப்படுகிறது. குளிர்ந்த, தெளிந்த ஆறுகளில் வாழும் டிரவுட், கிரேலிங், சால்மன் ஆகிய மீன்களைப் பிடிக்கவே இம்முறை பெரிதும் வளர்ந்தது.

இம்முறையின் வரலாறு, ஆற்றில் எந்த மாதம் எந்தப் பூச்சி பறக்கும் என்று மனிதர்கள் கவனித்துவந்ததன் வரலாறும் ஆகும். தென் இங்கிலாந்தின் சுண்ணப்பாறை ஆறுகளில் அந்தக் கவனிப்பு முதலில் நாட்காட்டியாகவும், பின்னர் அறிவியலாகவும், ஒரு கட்டத்தில் கடும் சர்ச்சையாகவும் உருப்பெற்றது. இன்று அதே கவனிப்பு ஆற்று நீரின் தூய்மையைக் காக்கும் கருவியாகப் பயன்படுகிறது.

முறை

சாதாரணத் தூண்டிலில் இரையின் எடை அல்லது ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துச் செல்கிறது. செயற்கை ஈக்கு எடை இல்லை. ஆகவே இம்முறையில் நூலே கனமாகச் செய்யப்படுகிறது. வளையும் கழியை முன்னும் பின்னும் வீசும்போது கனமான நூல் காற்றில் விரிந்து சென்று, அதன் நுனியில் உள்ள மெல்லிய இழையையும் ஈயையும் நீர்ப்பரப்பில் மெதுவாக இறக்குகிறது.

தொடக்கத்தில் நூல் குதிரை வால் முடியைத் திரித்துச் செய்யப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் எண்ணெய் ஏற்றிய பட்டு நூல் வந்தது. முள்ளை ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத இழைக்குப் பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை இழுத்து உலர்த்திய நரம்பு பயன்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் இடத்தை நைலான் பிடித்துக்கொண்டது.

தொன்மைக் குறிப்புகள்

செயற்கை ஈயைப் பற்றிய தெளிவான பழைய குறிப்பு, கி.பி. 200 அளவில் உரோமானிய எழுத்தாளர் ஏலியன் விலங்குகளின் இயல்பு குறித்துக் கிரேக்க மொழியில் எழுதிய நூலில் உள்ளது. மாசிடோனியாவின் அஸ்ட்ரேயஸ் ஆற்றில் புள்ளிகள் கொண்ட மீன்கள் நீரின் மேல் மிதந்து வரும் ஒரு வகை ஈயை உண்பதை அவர் விவரிக்கிறார். அந்த ஈயைப் பிடித்து முள்ளில் குத்தினால் அதன் நிறமும் சிறகும் கெட்டுவிடும். எனவே அங்குள்ள மீனவர்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இரண்டு இறகுகளைக் கட்டினார்கள். கழி ஆறடி, நூலும் ஆறடி.

ஆங்கிலத்தில் இத்துறையின் முதல் அச்சு நூல் 1496இல் வெளிவந்தது. வின்கின் டி வோர்ட் என்ற அச்சாளர் வெளியிட்ட வேட்டைக்கலைத் தொகுதி ஒன்றில் தூண்டில் பற்றிய கட்டுரையும் இடம்பெற்றது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி இதை எழுதியதாக மரபு சொல்கிறது. ஆய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. இக்கட்டுரை 12 ஈக்களைக் கட்டும் விதத்தை மாத வரிசையில் தருகிறது. எந்த ஈ, எந்த மாதத்துக்கு என்ற அடிப்படை அப்போதே உருவாகிவிட்டதை இது காட்டுகிறது.

1653இல் ஐசக் வால்டன் எழுதிய ‘தி கம்ப்ளீட் ஆங்ளர்’ இத்துறையில் மிகவும் புகழ்பெற்ற நூல். ஆனால் வால்டன் பெரும்பாலும் இரை கொண்டு மீன் பிடித்தவர். 1676இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்புக்கு ஈத் தூண்டில் குறித்த தனிப் பகுதியை அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன் எழுதினார். ஸ்டாஃபோர்டுஷயரில் டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த காட்டன் அறுபதுக்கும் மேற்பட்ட ஈக்களை மாதவாரியாக விளக்கினார். தெளிந்த நீரில் மெல்லிய நூலும், மீனிலிருந்து விலகி நிற்பதும் வேண்டும் என்று வலியுறுத்தினார்.

சுண்ணப்பாறை ஆறுகள்

காட்டனின் டவ் போன்ற மலைப்பகுதி ஆறுகள் மழை பெய்தால் பெருகும். மழை நின்றால் சுருங்கும். தென் இங்கிலாந்தின் டெஸ்ட், இட்சன், கென்னட், ஏவன் போன்ற ஆறுகள் வேறு வகை. வெண்மையான, நுண்துளைகள் நிறைந்த சுண்ணப்பாறைக் குன்றுகளில் இவை பிறக்கின்றன. குன்றில் பெய்யும் மழை மேற்பரப்பில் ஓடாமல் பாறைக்குள் இறங்குகிறது. பாறை பஞ்சு போல நீரைத் தேக்கி, ஊற்றுகளின் வழியே ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வெளியிடுகிறது.

இதனால் மூன்று பண்புகள் அமைகின்றன. ஊற்று நீரின் வெப்பநிலை கோடையிலும் குளிர்காலத்திலும் சுமார் 10 முதல் 11 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ளது. பாறை வடிகட்டியதால் நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது. சுண்ணச்சத்து கரைந்துள்ளதால் நீர்த்தாவரங்களும் நத்தைகளும் நன்னீர்க் கூனிகளும் பூச்சிகளும் செழிக்கின்றன. உலகில் சுமார் 200 சுண்ணப்பாறை ஆறுகளே உள்ளதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றில் பெரும்பான்மை இங்கிலாந்தில் உள்ளன.

இந்த ஆறுகளின் இன்றைய வடிவம் முழுக்க இயற்கையானதல்ல. 17ஆம் நூற்றாண்டு முதல் இப்பகுதி உழவர்கள் ஆற்றிலிருந்து வாய்க்கால்களும் மதகுகளும் அமைத்து, குளிர்காலத்தில் புல்வெளிகளில் நீரைப் பாய்ச்சினார்கள். ஊற்று நீரின் மிதமான வெப்பம் உறைபனியிலிருந்து நிலத்தைக் காத்தது; ஆடுகளுக்குப் புல் முன்கூட்டியே முளைத்தது. மதகுகளைத் திறந்து மூடும் பணிக்கென்றே ஆட்கள் இருந்தனர். பிற்காலத் தூண்டில்காரர்கள் புகழ்ந்து எழுதிய கிளை ஓடைகள் பல, இந்தப் பாசன வாய்க்கால்களே.

நீர்ப்பூச்சிகளின் வாழ்க்கை

டிரவுட்டின் உணவில் மூன்று பூச்சி வரிசைகள் முதன்மையானவை. அவை மே ஈக்கள், கேடிஸ் ஈக்கள், கல் ஈக்கள். மூன்றும் இளம்பருவத்தை நீருக்கடியில் கழித்து, இனப்பெருக்கத்துக்காக மட்டும் வெளியே வருபவை.

மே ஈ மழைக்குப் பின் கூட்டமாகப் பறந்து மடியும் ஈசலை நினைவூட்டினாலும் அதற்கும் ஈசலுக்கும் உறவில்லை. ஈசல் சிறகு முளைத்த கறையான். மே ஈ சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட தொல்மரபைச் சேர்ந்த தனி வரிசை. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி நிம்ப் எனப்படும். அது செவுள்களால் சுவாசித்து, பாசியையும் மட்கையும் தின்று, பலமுறை தோலுரித்து வளர்கிறது. முதிர்ந்ததும் நீர்ப்பரப்புக்கு நீந்தி வந்து, தோலைப் பிளந்து சிறகுடன் வெளிப்படுகிறது. மங்கிய சிறகுள்ள இந்நிலையைத் தூண்டில்காரர்கள் டன் என்பர். டன் கரையோர மரத்தில் அமர்ந்து மீண்டும் ஒருமுறை தோலுரித்து, பளிங்கு போன்ற சிறகுடைய ஸ்பின்னராக மாறுகிறது. சிறகு முளைத்த பின்னும் தோலுரிக்கும் பூச்சி வரிசை இன்று இது ஒன்றே. ஸ்பின்னருக்கு உண்ணும் வாய் இல்லை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாட்களில் நீரில் விழுந்து இறக்கிறது.

கேடிஸ் ஈயின் புழு மணல், சிறு கல், இலைத்துண்டு ஆகியவற்றைத் தன் பட்டு இழையால் ஒட்டிக் குழாய் போன்ற கூடு கட்டிக்கொள்கிறது. அது கூட்டுப்புழு நிலையைக் கடந்து, வண்ணத்துப்பூச்சியின் சாயலில் வெளிவருகிறது. கல் ஈ உயிர்வளி மிகுந்த வேகமான நீரில், கற்களின் அடியில் வாழ்கிறது. வடக்கின் மலை ஆறுகளில் அதிகம் காணப்படுகிறது.

ஒரே பூச்சியை மீன் நான்கு நிலைகளில் உண்கிறது. அடியில் ஊரும்போது, மேலே எழும்போது, நீர்ப்பரப்பில் சிறகு உலர்த்தும்போது, இறந்து மிதக்கும்போது. எந்த நிலையைச் செயற்கை ஈ காட்ட வேண்டும் என்பதே பின்னாளில் பெரும் சர்ச்சைக்குக் காரணமானது.

ஆற்றின் ஆண்டு

குளிர்கால மழையே சுண்ணப்பாறை ஆற்றின் ஆண்டைத் தீர்மானிக்கிறது. இலையுதிர்காலத்திலிருந்து பெய்யும் மழை பாறையை நிரப்ப, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, குளிர்கால இறுதியிலும் இளவேனில் தொடக்கத்திலும் ஆறு நிறைந்து ஓடுகிறது. கோடை முழுவதும் படிப்படியாகக் குறைந்து, இலையுதிர்காலத்தில் மிகத் தாழ்கிறது. குளிர்காலம் வறண்டுபோனால், கோடையில் எவ்வளவு மழை பெய்தாலும் ஈடாகாது. அந்த நீரைத் தாவரங்களும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன.

இளவேனிலில் பெரிய கரும் ஆலிவ் எனப்படும் மே ஈ வகை நண்பகல் நேரத்தில், நாளின் வெப்பமான மணிகளில் வெளிவருகிறது. ஏப்ரலில் கிரானம் என்ற கேடிஸ் ஈ பகலில் திரளாகப் பறக்கிறது. ஏப்ரல் 25 புனித மாற்குவின் திருநாள். அதையொட்டித் தோன்றும் கரிய நிலப்பூச்சியான ஹாதார்ன் ஈ காற்றில் அடித்துவரப்பட்டு ஆற்றில் விழுகிறது. இதே காலத்தில் ரானன்குலஸ் என்ற நீர்த்தாவரம் வெண்பூக்களுடன் ஆற்றை நிறைக்கிறது. அது பூச்சிகளுக்கு உறைவிடம், மீனுக்கு நிழல். அளவு மீறினால் நீரோட்டத்தைத் தடுத்து வயல்களில் நீர் ஏறச் செய்யும். எனவே ஆற்றின் நெடுகிலும் உள்ளவர்கள் ஒத்துப்பேசிய நாட்களில் தாவரத்தை அறுக்கும் வழக்கம் உள்ளது.

மே நடுவில் தொடங்கி ஜூன் தொடக்கம் வரை எபிமெரா டானிகா என்ற பெரிய மே ஈ வெளிவருகிறது. தூண்டில்காரர் மொழியில் மே ஈ என்றால் இதுவே. இதன் நிம்ப் ஆற்றின் வண்டலில் குழி தோண்டி ஓராண்டு முதல் ஈராண்டு வரை வாழ்ந்து, சில வாரங்களில் மொத்தமாக வெளியேறுகிறது. மற்ற நாட்களில் எச்சரிக்கையுடன் ஒதுங்கியிருக்கும் பெரிய டிரவுட்டுகளும் அப்போது வெளிப்படையாக மேயும். தேர்ச்சியற்றவனும் மீன் பிடித்துவிடுவான் என்ற பொருளில் இக்காலத்தை ஆங்கிலத்தில் மடையர்களின் இரு வாரம் என்று கேலியாகச் சொல்வதுண்டு.

கோடையில் பகல் அடங்கிவிடுகிறது. வெயில் நேரத்தில் மீன்கள் தாவரங்களுக்கிடையே நிம்புகளையும் கூனிகளையும் தேடுகின்றன. ஜூன் முதல் மாலை வேளைகளில் நீலச்சிறகு ஆலிவ் என்ற நடுத்தர மே ஈ வருகிறது. இதன் பெண், முட்டைகளை உருண்டையாக வயிற்றின் நுனியில் சுமந்து பறந்து நீரோட்டத்தில் விடுகிறது. இருட்டும் நேரத்தில் கேடிஸ் ஈக்கள் நீரின் மேல் ஓடி முட்டையிடுகின்றன. புழுக்கமான நாட்களில் சிறகெறும்புகள் விழுந்தால் ஆறு சிறிது நேரம் கொதிப்பது போலத் தோன்றும்.

செப்டம்பரில் நீர் தாழ்ந்து, பகல் குறுகியதும், ஆலிவ் வகைகள் மீண்டும் நண்பகலுக்குத் திரும்புகின்றன. இலையுதிர்காலத்தில் டிரவுட் பருவம் முடிவடைகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை பெண் டிரவுட் ஊற்றோரச் சரளைப் படுகையை வாலால் தோண்டி முட்டையிடுகிறது. சரளைக்கற்களின் இடுக்கில் நீரோட்டம் தடையின்றிச் சென்றால்தான் முட்டை பிழைக்கும். நுண்வண்டல் அடைத்தால் மூச்சுமுட்டி அழியும். நிம்புகளின் முட்டைகளுக்கும் இதே விதி பொருந்தும்.

ரொனால்ட்ஸின் பூச்சியியல்

காட்டன் காலத்திய ஈக்களுக்கு ஊர்வழக்குப் பெயர்களே இருந்தன. ஒரே பூச்சிக்கு ஆற்றுக்கு ஆறு வெவ்வேறு பெயர். இந்தக் குழப்பத்தை முறைப்படி தீர்க்க முயன்ற முதல்வர் ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ். 1836இல் வெளிவந்த அவருடைய ‘தி ஃபிளை-ஃபிஷர்ஸ் என்டமாலஜி’ நூல், இயற்கைப் பூச்சியையும் அதற்குரிய செயற்கை ஈயையும் அருகருகே வண்ணப்படங்களாகத் தந்தது. ஒவ்வொன்றுக்கும் அறிவியல் வகைப்பாடும் தோன்றும் காலமும் குறிக்கப்பட்டன.

ஸ்டாஃபோர்டுஷயரின் பிளைத் ஆற்றின் மேல் சிறு கண்காணிப்புக் குடில் ஒன்றை அமைத்து, டிரவுட்டுகள் எதைப் பார்க்கின்றன, எதைக் கேட்கின்றன என்று அவர் சோதித்தார். ஒளி நீரில் வளைவதால், கரையில் நிற்கும் மனிதன் மீனுக்கு எப்படித் தெரிவான் என்பதைப் படம் வரைந்து விளக்கினார். ரொனால்ட்ஸ் 1848இல் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, 1860இல் அங்கேயே இறந்தார்.

உலர் ஈ

பழைய முறையில் ஈ நீருக்குள் மூழ்கிச் செல்லும். இது ஈர ஈ. ஈயை நீரின் மேல் மிதக்கவிடும் உலர் ஈ முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டெஸ்ட், இட்சன் ஆறுகளில் வலுப்பெற்றது. இதற்குப் பல காரணங்கள் இருந்தன. தெளிந்த, மெதுவான நீரில் மீன் எதை எடுக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பட்டு நூலும் பிளந்த மூங்கில் கழியும் துல்லியமாக வீச உதவின. 1840இல் லண்டன்-சவுத்தாம்ப்டன் இருப்புப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டதால், வழியிலுள்ள வின்செஸ்டரின் ஆறுகள் தலைநகரச் செல்வந்தர்களுக்கு எட்டும் தொலைவுக்கு வந்தன. கரையுரிமை தனியார் வசம் இருந்தது. 1822இல் தோன்றிய ஹௌட்டன் கிளப் போன்ற சிறிய சங்கங்கள் ஆற்றின் சிறந்த பகுதிகளைக் குத்தகைக்கு எடுத்தன. உள்ளூர் எளியவர்களுக்கு அந்தக் கரைகளில் இடமில்லை.

உலர் ஈக்கு இலக்கணம் வகுத்தவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டு (1844–1914). 1879இல் வின்செஸ்டரின் தூண்டில் கடை ஒன்றில் ஜார்ஜ் செல்வின் மேரியட் என்பவரைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து பூச்சிகளைப் பிடித்து, பதப்படுத்தி, நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றுக்கு ஈடான ஈக்களை உருவாக்கினர். 1886இல் ‘ஃப்ளோட்டிங் ஃபிளைஸ் அண்ட் ஹௌ டு டிரெஸ் தெம்’ நூலும், 1889இல் உலர் ஈயின் கோட்பாட்டையும் செயல்முறையையும் விளக்கும் நூலும் வெளிவந்தன. நூல்களில் ஹால்ஃபோர்டின் பெயர் மட்டுமே இடம்பெற்றது. மேரியட் தம் பெயர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

ஹால்ஃபோர்டின் முறை இதுதான்: மேலெழுந்து மேயும் மீனைக் கண்ணால் காண வேண்டும், அது உண்ணும் பூச்சியை அடையாளம் காண வேண்டும், அதே உருவமும் அளவும் நிறமும் கொண்ட ஈயை, நீரோட்டத்துக்கு எதிராக வீசி மிதக்கவிட வேண்டும். இது ஒரு நுட்பமாகத் தொடங்கியது. அவரைப் பின்பற்றியவர்களிடம் அது ஒழுக்க விதியாக இறுகியது. பல கரைகளில் ஈர ஈ தடைசெய்யப்பட்டது.

ஸ்கியூஸும் நிம்ப் விவாதமும்

இந்த விதியை எதிர்த்தவர் லண்டன் வழக்கறிஞர் ஜி. இ. எம். ஸ்கியூஸ் (1858–1949). வின்செஸ்டரை ஒட்டிய அபட்ஸ் பார்ட்டன் பகுதியில் அரை நூற்றாண்டுக்கும் மேல் இட்சன் ஆற்றில் மீன் பிடித்தவர். எலும்பு மஜ்ஜை எடுக்கும் நீண்ட கரண்டியால் பிடிபட்ட மீனின் வயிற்றில் உள்ளதை எடுத்து, வெள்ளைத் தட்டில் நீர் ஊற்றிப் பிரித்துப் பார்ப்பது அவர் வழக்கம். மேலெழுந்து மேய்வதாகத் தோன்றிய மீன்களின் வயிற்றில் பெரும்பாலும் சிறகுப்பூச்சிகள் இல்லை. நீர்ப்பரப்பின் அடியில் எழுந்துவரும் நிம்புகளே இருந்தன. அப்படியானால் நிம்பைப் போன்ற ஈயை நீருக்குள் அனுப்புவதுதான் இயற்கைக்குப் பொருத்தம் என்று அவர் வாதிட்டார். 1910இல் வெளிவந்த ‘மைனர் டாக்டிக்ஸ் ஆஃப் த சாக் ஸ்ட்ரீம்’ நூலும் 1921இல் வெளிவந்த ‘தி வே ஆஃப் எ டிரவுட் வித் எ ஃபிளை’ நூலும் இக்கருத்தை வளர்த்தன.

1938 பிப்ரவரியில் லண்டனின் ஃபிளைஃபிஷர்ஸ் கிளப்பில் இது குறித்து முறையான விவாதம் நடந்தது. ஹால்ஃபோர்டு மறைந்து கால் நூற்றாண்டு ஆகியும் அவர் பெயரால் வாதிட்டவர்களே அவையில் மிகுந்திருந்தனர். 79 வயதான ஸ்கியூஸ் அந்த ஆண்டோடு அபட்ஸ் பார்ட்டனை விட்டு விலகினார்.

வெளியிலிருந்து பார்த்தால் இது செல்வந்தர்களின் பொழுதுபோக்குச் சச்சரவு. ஆனால் இரு தரப்பும் விட்டுச்சென்ற குறிப்பேடுகளில் எந்த நாள் எந்தப் பூச்சி, எவ்வளவு வந்தது என்ற விவரங்கள் உள்ளன. ஆற்றில் பூச்சிகள் எப்படி இருந்தன என்பதற்கு அவை சான்றுகளாயின.

ஆற்றுக் காவலர்கள்

நூல் எழுதியவர்கள் விடுமுறையில் வந்து போனவர்கள். ஆண்டு முழுவதும் ஆற்றைப் பார்த்தவர்கள் கூலி வாங்கிய ஆற்றுக் காவலர்கள். தாவரம் அறுப்பதும், மதகு திருப்புவதும், மீனைத் தின்னும் பைக் மீன்களை அகற்றுவதும் அவர்கள் வேலை.

ஹௌட்டன் கிளப்பின் காவலர் வில்லியம் லன், ஆலிவ் பூச்சிகளின் முட்டைகளைக் கேடிஸ் புழுக்கள் தின்று அழிப்பதைக் கவனித்தார். இவ்வகைப் பெண்பூச்சிகள் நீரில் நிற்கும் பொருள்களைப் பற்றி இறங்கி அடிப்புறத்தில் முட்டையிடும். எனவே பாலத்திலிருந்து கம்பியில் கட்டிய மரப்பலகைகளை ஆற்றில் மிதக்கவிட்டார். பூச்சிகள் பலகையின் அடிப்புறத்தில் முட்டையிட்டன. படுகையில் ஊரும் புழுக்களால் அங்கே ஏற முடியவில்லை. முட்டையுள்ள பலகைகளைப் பூச்சி குறைந்த பகுதிகளுக்கும் எடுத்துச் செல்ல முடிந்தது.

ஏவன் ஆற்றின் மேற்பகுதியில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் (1906–1980), ஸ்கியூஸின் கருத்தை மேலும் எளிமையாக்கினார். நிம்ப் நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டிக்கொள்வதைக் கண்டு, தம் ஈயில் கால்களையே விட்டுவிட்டார். ஃபெசன்ட் கோழியின் வால் இறகும் மெல்லிய செப்புக் கம்பியும் மட்டுமே கொண்ட அவருடைய நிம்ப் இன்றும் உலகெங்கும் கட்டப்படுகிறது. 1958இல் அவருடைய ‘நிம்ப்ஸ் அண்ட் த டிரவுட்’ வெளிவந்தது.

கடல் கடந்த பரவல்

பிரித்தானியர் சென்ற இடங்களுக்கு டிரவுட்டும் சென்றது. 1864இல் நார்ஃபோக் என்ற கப்பல், பனிக்கட்டிக்கும் பாசிக்கும் நடுவே பொதிந்த மீன் முட்டைகளை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் இட்சன் ஆற்று டிரவுட் முட்டைகளும் இருந்தன. தாஸ்மானியாவில் பொரித்த மீன்களின் வழித்தோன்றல்கள் நியூசிலாந்துக்கும் சென்றன. தெற்குத் தீவுகளின் நாட்டு மீன்களான கேலக்சியாஸ் இனங்கள் டிரவுட்டின் வரவால் பல ஓடைகளில் அருகின. அமெரிக்காவுக்கு 1883இல் ஜெர்மனியிலிருந்து பழுப்பு டிரவுட் முட்டைகள் அனுப்பப்பட்டன. 1890இல் ஹால்ஃபோர்டு அனுப்பிய உலர் ஈக்களை நியூயார்க்கின் தியோடர் கார்டன் அமெரிக்கப் பூச்சிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தார்.

நீலகிரியிலும் இம்முயற்சி நடந்தது. ‘இந்திய மீன்கள்’ நூலை எழுதிய பிரான்சிஸ் டே 1863இல் டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. அடுத்து வந்த முயற்சிகளிலும் பழுப்பு டிரவுட் நிலைகொள்ளவில்லை. எச். சி. வில்சனின் மேற்பார்வையில் 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, இலங்கை உள்ளிட்ட இடங்களிலிருந்து வானவில் டிரவுட் முட்டைகள் வந்த பின்னரே மீன் நிலைத்தது.

இத்துறைக்கு இந்தியாவிலிருந்து பொருள்களும் சென்றன. தொடக்ககாலப் பிளந்த மூங்கில் கழிகளுக்கு இந்திய மூங்கிலே பயன்பட்டது. பின்னர் சீன மூங்கில் அதன் இடத்தைப் பெற்றது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற பளபளப்பான புள்ளிகள் உண்டு. சால்மன் ஈக்களில் கண்ணாக வைக்க அவை பெருமளவில் ஏற்றுமதியாயின. 1902இல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

பூச்சிகளின் சரிவும் கண்காணிப்பும்

ஆற்றுப் பூச்சிகள் குறைகின்றன என்ற முறையீடு புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தார்ச் சாலைகளிலிருந்து வழிந்த மழைநீர் பூச்சிகளைக் கொல்வதாகத் தூண்டில்காரர்கள் புகார் செய்தனர். பின்னர் வேறு காரணங்கள் சேர்ந்தன. குடிநீருக்காக நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதால் ஊற்றுகள் தாழ்கின்றன. உழுத நிலங்களிலிருந்து நுண்வண்டலும், கழிவுநீரிலிருந்தும் உரங்களிலிருந்தும் பாஸ்பேட்டும் ஆற்றில் சேர்கின்றன. நீலச்சிறகு ஆலிவின் முட்டைகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள், கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் நுண்வண்டலும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் முட்டைகள் பெருமளவில் அழிவதைக் காட்டின. பார்வைக்குத் தூய்மையான ஆறு பூச்சிக்குத் தூய்மையானது அல்ல.

வேதிப் பரிசோதனை மாதிரி எடுத்த நொடியின் நிலையைச் சொல்கிறது. ஓராண்டு, ஈராண்டு நீரிலேயே வாழும் பூச்சி, அக்காலம் முழுவதும் அந்த நீரில் நடந்ததற்குச் சாட்சி. இந்த அடிப்படையில், மாசைத் தாங்காத பூச்சிக் குடும்பங்களுக்கு அதிக மதிப்பெண்ணும் தாங்குபவற்றுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தரும் முறை பிரித்தானியாவில் 1970களின் இறுதியில் வகுக்கப்பட்டது. பெரிய மே ஈயின் குடும்பத்துக்கு உச்ச மதிப்பெண்ணான 10 தரப்பட்டது. இதையொத்த உயிரியல் மதிப்பீட்டை இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பின்பற்றுகிறது.

2004இல் இங்கிலாந்தில் ரிவர்ஃபிளை பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பு உருவானது. இதன் திட்டத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மாதம் ஒருமுறை ஆற்றில் இறங்கி, மூன்று நிமிடம் காலால் படுகையைக் கிளறி, அதிலிருந்து வருவதை வலையில் ஏந்தித் தட்டில் கொட்டி எண்ணுகின்றனர். கூடுள்ள கேடிஸ், கூடில்லாக் கேடிஸ், நான்கு மே ஈக் குழுக்கள், கல் ஈ, நன்னீர்க் கூனி ஆகிய எட்டுக் குழுக்கள் எண்ணப்படுகின்றன. எண்ணிக்கை குறிப்பிட்ட எச்சரிக்கை அளவுக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் செல்கிறது. ஸ்கியூஸின் வெள்ளைத் தட்டு இங்கே வேறு பயனுக்கு வந்திருக்கிறது.

இதன் பயன் 2013 ஜூலையில் தெரிந்தது. கென்னட் ஆற்றில் மார்ல்பரோ நகருக்கு அருகே வழக்கமான மாதிரி எடுத்த தன்னார்வலர்கள், முந்தைய மாதம் நிறைந்திருந்த தட்டு ஏறக்குறைய வெறுமையாக இருப்பதைக் கண்டனர். மீன்கள் சாகவில்லை, நீர் தெளிவாகவே இருந்தது. ஆய்வில் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கண்டறியப்பட்டது. மிகச் சிறிய அளவு கழிவுநீர் வழியாக ஆற்றில் சேர்ந்து, சுமார் 15 கி.மீ. தொலைவுக்குப் பூச்சிகளையும் கூனிகளையும் அழித்திருந்தது. பொதுமக்களும் கால்நடைகளும் ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டனர். தட்டில் எண்ணிப் பார்ப்பவர்கள் இல்லாதிருந்தால் இந்நிகழ்வு வெளியே தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பிரித்தானியாவில் இந்தப் பூச்சிக்கொல்லியின் பெரும்பாலான பயன்பாடுகள் 2016இல் விலக்கப்பட்டன. கென்னட்டில் மேல்நீரிலிருந்து அடித்துவரப்பட்ட நிம்புகளும், பறந்து வந்து முட்டையிட்ட பூச்சிகளும் படுகையை மீண்டும் நிரப்பத் தொடங்கின.

இன்று டெஸ்ட், இட்சன் ஆறுகளின் பல கரைகளில் பிடித்த டிரவுட்டை மீண்டும் ஆற்றில் விடுவதே நடைமுறையாகி வருகிறது. நிம்ப் பெரும்பாலான இடங்களில் ஏற்கப்பட்டுவிட்டது. சில கரைகள் இன்னும் உலர் ஈயை மட்டுமே அனுமதிக்கின்றன. எந்த ஈ முறையானது என்று தொடங்கிய விவாதம், நிலத்தடியிலிருந்து எவ்வளவு நீர் எடுக்கலாம், ஆற்றில் எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்ற விவாதங்களுக்கு இடம் கொடுத்துள்ளது. அவற்றில் மாதந்தோறும் எண்ணப்படும் பூச்சிக் கணக்குகள் சான்றாக முன்வைக்கப்படுகின்றன.